தண்டவாளத்தில் வெடித்த மூன்று வெடி

காளியம்மனை நம்பி இருக்கிறவர்களுக்கு, நாரணாபுரத்திலிருந்து எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கூலிக்குத் திரி வெட்டி, இரண்டு பட்டாசுக் கம்பெனிக்கு முதலாளி ஆனேன். ஒரு ஆள் தூக்கி விடவில்லை. அந்தத் திமிர்தான் என் பிள்ளையைத் தண்டவாளத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

2002 தீபாவளி சீசன், மத்தியான நேரம். என் ஒரே மகன் செல்வம் பட்டாசு லாரியை ஓட்டினான். நான் பின்னால் பைக்கில் போனேன். ரயில் போய் அரைமணி ஆகியும் கேட்கீப்பர் இருளப்பன் கேட்டைத் திறக்கவில்லை.

"ரயிலுக்கு எறங்குன சிக்னல் கைகாட்டி திரும்ப ஏறல முதலாளி. கம்பி எங்கனயோ சிக்கிருச்சு. அது எறங்கியே கெடந்தா அடுத்த ரயிலு நிக்காம வந்துரும். போனும் செத்துக் கெடக்கு. செத்த பொறுங்க."

"ஏலே, என் லோடு எங்கனயும் நின்னதில்லலே" என்று கேட் சாவியைப் பிடுங்கி நானே திறந்தேன். இருளப்பன் சிவப்புக் கொடியோடு தண்டவாளம் வழியாக ஓடினான். பயந்து ஓடுகிறான் என்று சிரித்தேன்.

லாரி தண்டவாளத்தில் ஏறியதும் இன்ஜின் அணைந்துவிட்டது. செல்வம் சாவியைத் திருகத் திருகப் பிடிக்கவில்லை. வளைவுக்கு அப்பால் ரயில் ஊதியது. இறங்கு என்று கத்தினேன்.

"லோட விட்டுட்டு எறங்குனா நீங்க சும்மா விடுவீகளாய்யா?"

என் பிள்ளை அப்படிக் கேட்டான். ஜல்லிக்கல்லில் முழங்காலிட்டேன். ஆடினது நான் தாயே, என்னை எடுத்துக்கொள், அவனை விட்டுவிடு என்று கண்ணை மூடினேன்.

மூன்று வெடிச் சத்தம் கேட்டது. எங்கள் பக்கம் பட்டாசுக் கம்பெனி வெடித்தால் செத்தது யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் கேட்போம். நான் யாரைக் கேட்பேன்? அப்படியே தரையில் விழுந்தேன்.

யாரோ என் தோளைத் தொட்டார்கள். செல்வம்! லாரி முழுசாக நின்றது. நாலு லாரி தூரத்தில் ரயிலும் நின்றது. சக்கரம் ஏறியதும் வெடித்து, ஆபத்து என்று ரயில் டிரைவருக்குத் தெரிவிக்கிற வெடி மூன்றை இருளப்பன் ஓடிப்போய்த் தண்டவாளத்தில் வைத்திருக்கிறான். ரயிலில் வந்தவர்கள்தான் இறங்கி லாரியைத் தள்ளிவிட்டார்கள்.

பட்டாசு செய்து வாழ்ந்தவன் நான். வெடிச் சத்தத்திலேயே அவள் எனக்குப் பதில் சொன்னாள். சாவியைப் பிடுங்கியது நான்தான் என்று விசாரணையில் கையெழுத்துப் போட்டேன். இருளப்பன் வேலை தப்பியது. அவன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்றும் கூசுகிறது.

வழி அடைத்துக் கிடக்கிறதே என்று தவிக்கிறவர்களே, அவளிடம் விட்டுவிட்டுக் காத்திருங்கள். நான் காத்திருக்கிறேன். மூடிய கேட்டில் இன்றைக்கும் முதல் வண்டி என்னுடையதுதான். இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கிறது.