இரண்டு லென்ஸைத் திருப்பி அனுப்பியவன்

மனைவியின் கல்வெட்டுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்போம். முன்பக்கத்தில் முழுத்தாளுக்கு முகம் வரவேண்டும். கிளிநொச்சியிலும் பூநகரியிலும் எத்தனையோ ஆயிரம் முகங்களைப் பிடித்தவன் நான். என் வீட்டுக்காரியின் முகம் என்னிடம் இல்லை.

நான் யார் என்று சொல்லாவிட்டால் இது விளங்காது. மலைநாட்டிலிருந்து சிறு பிள்ளையாகத் தர்மபுரத்துக்கு வந்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஒரு ஸ்ரூடியோவில் கூட்டித் துடைக்கப் போய், பார்த்துப் பார்த்தே வேலையைப் பிடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. இன்றைக்குச் சொந்த ஸ்ரூடியோ, ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கமரா இரண்டு. படித்த பெடியள் யூரியூப்பில் பார்த்துவிட்டுக் கதைப்பதை நான் வெறும் கண்ணால் சொல்லுவேன். மணவறையில் இருக்கிற பொம்பிளையின் மூக்குத்தி படத்தில் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்தால் எனக்குப் போதும், லென்ஸின் சாதகத்தையே சொல்லிவிடுவேன்.

எங்கள் கலியாணப் படம் யுத்தத்தின் கடைசி இடம்பெயர்வில் போய்விட்டது. அடையாள அட்டைக்கு முகாமில் எடுத்த படம் ஒன்று உண்டு. அதில் கன்னம் ஒட்டி, கண் பயந்துபோய் இருக்கிறாள். அந்த முகத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை. கனடாவில் இருக்கும் மகள், தாயோடு வீடியோவில் பேசியபோது பிடித்து வைத்திருந்தவற்றை அனுப்பினாள். ஒன்றில் நெற்றியும் கூரையும். இன்னொன்றில் ஒரு காது. கலியாண வீடுகளுக்கு அவள் வந்தாலும் நான் கமராவுக்குப் பின்னால் நிற்பேன், அவள் சமையலுக்கு உதவக் குசினிப் பக்கம் போய்விடுவாள். “என்னையும் ஒழுங்கா ஒண்டு எடுங்கோவன்” என்று கேட்டிருக்கிறாள். நல்ல லென்ஸ் வரட்டும் என்றேன்.

லென்ஸ் வந்தது. இருபத்துநாலுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட சூம். கலியாண வேலையில் முக்கால்வாசி அதற்குள் முடிந்துவிடும். இருபத்துநாலில் பந்தல் முழுவதும் அடங்கும், எழுபதுக்குத் திருகினால் தாலி கட்டும் கை தனியாக வரும். பதினாலு நாளுக்குள் பிழை கண்டால் மாற்றித் தருவதாகக் கொழும்புக் கடைக்காரர் சொல்லியிருந்தார். பேப்பரைச் சுவரில் ஒட்டிப் படம் எடுத்து, மூலையில் எழுத்துத் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கவும் சொன்னார்.

ஒட்டினேன். பொடி எழுத்து வேண்டுமென்றால் மரண அறிவித்தல் பக்கம்தான். ஆனால் எழுத்தோடு எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. நான் நம்புவது கண்ணிமை மயிரை. ஆகவே விறாந்தைச் சுவரில் பேப்பர், அதன் இடதுபக்க ஓரத்தில் மனைவி. படத்தின் இடது மூலையில் அவளுடைய முகம் விழும்படி கமராவை ஸ்டாண்டில் பூட்டினேன்.

“என்னை நடுவில விடமாட்டியளோ?”

“நடுவில எந்த லென்ஸும் நல்லாத்தான் இருக்கும். மூலையிலதான் அதின்ர வண்டவாளம் தெரியும்.”

“அப்ப நாப்பது வருசமா என்னை மூலையில வைச்சுச் சோதிச்சிருக்கிறியள்.”

பக்கத்தில் இருந்த அறிவித்தல்களை வாசிக்கத் தொடங்கிவிட்டாள். எங்கள் வீட்டில் பேப்பர் வாசிப்பது அவள், கேட்பது நான்.

“இஞ்சாருங்கோ, இது பரந்தன் ரீச்சரெல்லே? வயசு எழுபத்தொண்டாம். நான் கூடவெண்டு நினைச்சன்.”

“வாயை மூடு. முகம் ஆடுது.”

லென்ஸின் துவாரத்தை எட்டுக்குச் சுருக்கி, கமரா தானாக வெளிச்சம் கூட்டாதபடி ஐஎஸ்ஓவை நூறில் வைத்தேன். லென்ஸைச் சோதிக்கும்போது கமராவின் கெட்டித்தனம் அதை மறைக்கக்கூடாது என்பது என் கொள்கை. விறாந்தை வெளிச்சத்துக்கு ஷட்டர் கால் விநாடி திறந்து நிற்கவேண்டியிருந்தது. கால் விநாடி ஆடாமல் நிற்பது ஒரு பெரிய காரியமா?

பெருப்பித்துப் பார்த்தேன். அவளுடைய இமை தெளிவில்லாமல் கரைந்திருந்தது. இருபத்துநாலில் கரைந்தால் மன்னிக்கலாம், விரிந்த பக்கத்தில் எல்லா லென்ஸும் மூலையில் கொஞ்சம் இழுக்கும். ஆனால் முப்பத்தைந்திலும் கரைவு, எழுபதிலும் கரைவு. உள்ளே கண்ணாடி சரிந்திருக்கிறது என்று முடிவெடுத்துக் கடைக்குப் போன் எடுத்தேன்.

“ஐயா, எழுத்தைப் பார்த்தனீங்களோ?”

“தம்பி, நீர் பிறக்க முன்னமே படம் பிடிச்சவன் நான். சனம் எழுத்தைப் பார்க்கவே என்னட்டை வருது?”

அவர் வாதாடவில்லை. வேறொன்று அனுப்பினார்.

இரண்டாவதும் எடை கையில் நன்றாக இருந்தது. வளையம் வெண்ணெய் மாதிரித் திரும்பியது, கண்ணைத் தேடிப் பிடிப்பதில் சுணக்கம் இல்லை. பேப்பர் அப்படியே சுவரில் இருந்தது. அவளைக் கூப்பிட்டேன்.

“கொஞ்சம் கதிரையில இருந்திட்டு எடுப்பமே?”

“இருந்தா உயரம் மாறிப்போம். பத்துப் படம்தான்.”

முதல் படத்துக்கு அவள் சுவரில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“கையை எடு. நேரா நில்லு.”

எடுத்தாள். மிச்சம் ஒன்பதும் கரைந்திருந்தன. கை ஊன்றிய படம் கணக்கில் இல்லை என்று அதை நான் பெருப்பித்துப் பார்க்கவும் இல்லை. அந்த லென்ஸையும் திருப்பி அனுப்பினேன். ஸ்ரூடியோவுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்: கொழும்புக்காரனின் இரண்டு லென்ஸில் பிழை பிடித்தவன் வன்னியில் நான் ஒருவன்தான்.

மூன்று கிழமையில் அவள் கிணற்றடியில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மூச்சில்லை. இருதயம் கனநாளாகக் களைத்துப் போயிருக்கவேண்டும் என்ற டொக்டர், “தலைச்சுற்று, நிக்க ஏலாமை எண்டு ஒண்டும் இருக்கேல்லையோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். உறுதியாகச் சொன்னேன்.

கல்வெட்டுக்குப் படம் தேடிக் கணினியைக் கிண்டியபோது அந்தச் சோதனைப் படங்கள் வந்தன. முகங்களைப் பார்த்தேன். எதுவும் உதவாது. பிறகு எப்படியோ கண் அவளுடைய காதுக்குப் பக்கத்தில் இருந்த பேப்பருக்குப் போனது. ரீச்சரின் அறிவித்தல். எழுத்துக்கூட்டி வாசித்தேன். பிள்ளைகள் பெயர், மருமக்கள் பெயர், தகனம் செய்யும் இடம் எல்லாம் வாசிக்க முடிந்தது. அதே மூலை. அவளுக்கும் அந்த எழுத்துக்கும் ஒரு சாண் இடைவெளி இல்லை. முதல் லென்ஸின் படங்களைத் திறந்தேன். அங்கேயும் எழுத்துத் தெளிவாக நின்றது.

படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினேன். பேப்பர் அசையவில்லை. அவள் சரிகிறாள், நிமிர்கிறாள், திரும்பச் சரிகிறாள். கரைவு என்று நான் கடைக்காரரோடு சண்டை பிடித்தது இதைத்தான். லென்ஸ் இரண்டும் எனக்குச் சரியாகத்தான் காட்டியிருக்கின்றன.

கை ஊன்றிய அந்த ஒரு படத்தைக் கடைசியாகத்தான் திறந்தேன். இமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். நெற்றியில் விபூதி, மூக்கோரத்தில் ஒரு சின்னச் சுருக்கம், ஏதோ பகிடி சொல்லப் போகிற வாய். அவளேதான்.

மூலையிலிருந்து அவளை வெட்டி எடுத்து, பேப்பரை அழித்து, பின்னால் வெளிர்நீலம் போட்டேன். தோளோடு வெட்டியதால் கை வெளியே போய்விட்டது. வழக்கமாக இந்த இடத்தில் கணினியிலேயே பட்டுச்சேலை உடுத்திவிடுவேன். செத்தவர்களுக்குக் கோட்டும் பட்டும் உடுத்துவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இதில் வீட்டுச்சேலையைத் தொடவில்லை. மகளுக்கு அனுப்பினேன்.

அழுதழுது போன் எடுத்தாள். “அம்மா எவ்வளவு வடிவா இருக்கிறா. ஏனப்பா ஒரு தோள் மட்டும் உயர்ந்திருக்கு?”

தோளை இறக்குவது எனக்கு இரண்டு நிமிட வேலை. மவுஸில் கையும் வைத்துவிட்டேன்.

“சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவா, பிள்ளை.”

“ஏன்?”

சொன்னேன். இருந்துவிட்டு எடுப்போம் என்று கேட்டதையும், கையை எடுக்கச் சொன்னதையும் சொன்னேன்.

“தோளைத் தொடாதேங்கோ, அப்பா” என்றாள். “வெட்டினதையும் திரும்பப் போடுங்கோ. கையும் தெரியட்டும்.”

அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன்.