வடிந்த ஏரிக்கு ஒரு பின்கணக்கு

தாளின் அடியில் முதல் எண்ணை எழுதிவிட்டு அதற்கு மேலே அடுத்ததை எழுதுகிறார் ஞானராஜ். கணக்கு கீழிருந்து மேலாக ஏறுகிறது. திண்டிவனத்திலிருந்து பாசஞ்சர் கிளம்பினால் விழுப்புரம் வருவதற்குள் தாள் உச்சிவரை நிரம்பிவிடும்.

கல்லூரியில் கணித விரிவுரையாளர். முடிவைக் கொடுத்தால் தொடக்கத்தைத் தேடுவார். வீட்டிலும் அதே வேலை. மனைவி சூசை மேரி தட்டை வைத்துவிட்டுச் சொல்வார்: "சோறு ஆறிக்கினு கீது. உங்க கணக்குலயே பின்னாடி போயி சூடு பண்ணிக்குங்க."

"ஆறிப்போன சோத்துக்கு எவ்ளோ சூடா இருந்தோம்னு ஞாபகம் இருக்காது மேரி."

எதையும் இருமுறை போடுவார். இரண்டாம் முறை தொடக்க எண்ணைச் சற்றே மாற்றிக்கொள்வார். "பின்னாடி போவப் போவ சின்னத் தப்பு ஊதிக்கினே போவும். எவ்ளோ ஊதுதுன்னு பாக்க வேணாமா?"

எண்பத்தாறில் கண்டமங்கலம் பக்கம் ஒரு சிற்றேரி, பயிர் விளையும் முன்பே வடிந்துபோனது. யாரோ மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஞாயிறு மாலையோடு மதகுக் காவலர் அப்பாதுரையின் காவல் முறை முடிந்திருந்தது. அதற்கு முன் திறந்திருந்தால் அவர் வேலை போய்விடும்.

செவ்வாய்க்கிழமைதான் நீரை அளந்தார்கள், அதுவும் கரையில் நின்று கண்ணால் பார்த்து. அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. நீரின் உயரத்தைப் பொறுத்தது வடியும் வேகம். அந்த மிச்சத்திலிருந்து கால்மணி கால்மணியாகப் பின்னால் நகர்ந்து, ஏரி நிறைந்திருந்த அளவைத் தொட்டார் ஞானராஜ். மதகு திறந்தது ஞாயிறு மதியம் என்று வந்தது. மிச்சத்தை ஒரு விரற்கடை கூட்டிப் போட்டார். ஞாயிறு இரவு என்று வந்தது.

இந்தக் கணக்கைப் போட்டுத் தரச் சொல்லியிருந்த பொதுப்பணித்துறைப் பொறியாளர் வெங்கடாசலம் ஆசிரியர் அறைக்கு வந்து, மதியம் என்று வந்த முதல் தாளுக்குக் கை நீட்டினார். "இது போதும் சார். ஜல்தியா ரிப்போர்ட் அனுப்பணும்."

"ரெண்டும் சேர்ந்துதான் போவணும்."

"ரெண்டு பதிலை வச்சிக்கினு நான் இன்னா பண்றது? பேஜாரு சார்."

"ஏரியில மிச்சம் இருக்கிறது அவ்ளோதான் சொல்லுது."

வாசலில் நின்ற அப்பாதுரை எட்டிப் பார்த்தார். "ஐயா, ராத்திரின்னு வந்த தாளை மட்டும் குடுத்துடுங்களேன். புள்ளகுட்டிக்காரன்."

"அதுவும் முடியாது அப்பாதுரை."

அப்பாதுரை முகம் வாடியது. வெங்கடாசலம் முதல் தாளைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. மறுமூலையில் ஞானராஜின் கட்டைவிரல் நகம் வெளுக்க அழுந்தியிருந்தது. மற்றக் கையால் இரண்டாம் தாளை எடுத்து அதன்மேல் வைத்தார். விரலை எடுக்கவில்லை.