கத்திக் கடைச் சர்பத்து

எனக்கு இடக்கைப் பழக்கம். கல்யாணச் சமையலுக்குப் போகிற இடமெல்லாம் வலக்கைக்காரர்களின் கத்தியோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், அறுபதுகளின் கடைசியில் காரைக்குடிக் கடையொன்றில் எனக்கென்று ஒரு கத்தி செய்யச் சொன்னேன். வாடிக்கையாளரைத் தாங்குகிற கடை என்று ஊரே புகழ்ந்தது. புகழ்ந்தவர்களில் ஒருவனாவது அந்தக் கடைக் கத்தியால் ஒரு கத்தரிக்காய் நறுக்கியிருப்பானா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.

தாங்கத்தான் செய்தார்கள். "வாங்கண்ணே, இங்குட்டு உக்காருங்க, ஃபேன் காத்து வரும்" என்றார் கடைக்காரர். என் இடது கையைக் காகிதத்தில் வைத்து அளவெடுத்தார். எலுமிச்சைச் சர்பத்து கொடுத்தார். எனக்குப் பெண் கொடுத்த வீட்டில்கூட அவ்வளவு உபசாரம் நடந்ததில்லை.

செய்து தந்த கத்தி, கீழச்சிவல்பட்டிக் கல்யாணத்தில் முதல் சேனைக்கிழங்கிலேயே வளைந்தது. திரும்பக் கொண்டுபோனேன். மறுபடியும் சர்பத்து. "மனசுல ஒண்ணும் வச்சுக்கிராதீகண்ணே" என்று வேறு கத்தி தந்தார். அது பூசணிக்காயிடம் பல்லிளித்தது.

மூன்றாம் முறை போனபோது, கடைக்காரர் என் கண்முன்னாலேயே சர்பத்துக்குப் பழம் நறுக்கினார். கத்தி பட்டதும் எலுமிச்சை இரண்டாகப் பிரிந்து விழுந்தது.

"இது மாதிரி ஒண்ண எனக்குக் குடுத்திருக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"இது மானகிரிக் கொல்லரு அடிச்சதுண்ணே" என்றார், கொஞ்சமும் கூசாமல். "நம்ம கடைக் கத்தி பழத்த நசுக்கிப்புடும். வந்தவுகளுக்குச் சர்பத்து நல்லா இருக்கணும்ல?"