ஸெலிக் சொன்ன ஒரே பொய்

ஸெலிக் க்ரும்ஹோல்ஸ் எதையாவது வாயில் போடுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பார். கண்ணை மூடி மெல்லுவார். விழுங்கியபின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சமைத்தவரை நேராகப் பார்த்து உள்ளதைச் சொல்வார். பதினெட்டு வருடங்களாகப் பார்க்கிறேன். கண்ணாடி மூக்குக்குத் திரும்பும்போதே சிலர் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார்கள்.

எங்கள் பேட்டையான கால்ஃபீல்டில், யூத ஜெப ஆலயத்துக்குப் பின்னால் உள்ள கூடத்தில், புதன்கிழமை காலைகளில் பெரியவர்களுக்கான வகுப்பு நடக்கும். ஒரு வாரம் ஒழுக்கம், ஒரு வாரம் சமையல். நான் அங்கே தேநீர் போடுகிறவள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் உண்டு. அதில் உட்கார்ந்தால் எல்லாரும் தெரிவார்கள். என்னை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஸெலிக் முன்பு கால்சட்டைக் கடை வைத்திருந்தார். "கால்சட்டையில ஒரு குறையும் இல்ல சார், உள்ள போற ஆள்லதான்" என்று வாடிக்கையாளரிடமே சொல்வார். கடை மூடியபோது யாரும் காரணம் கேட்கவில்லை. அவர் மனைவி பெசி முப்பத்தாறு வருடம் அவர் பேச்சை வானொலி போலக் கேட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்த்தாள். அவள் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை ஓய்வுநாள் விருந்து அவருக்கு டப்பா மீன்தான்.

"சாப்பாடு பரவால்லம்மா. யார்கிட்ட குறை சொல்றது? அதான் கஷ்டமா இருக்கு" என்றார் ஒருநாள், தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி. பிறகு, "இதுவும் ஆறிப்போச்சு" என்றார்.

போன வருடம் மே மாதம் ஃப்ரூமா ருட்னிக் வகுப்பில் சேர்ந்தாள். கணவரை இழந்தவள், அறுபத்தாறு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். கடைசி இருக்கைவரை கேட்கும் குரல். அடுத்த வாரமே ஸெலிக் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்தார்.

ஒரு புதன்கிழமை அவள் அறிவித்தாள். "அடுத்த வாரம் நான் மீன் உருண்டை செஞ்சு கொண்டு வரேன். யாருக்கு ரொம்பப் பிடிக்குதோ, அவங்க வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்கு விருந்துக்கு வரலாம்."

ஸெலிக்குக்கு முகம் மலர்ந்து, உடனே வாடியது. பக்கத்தில் இருந்த அவர் நண்பர் இஸ்ஸி விலாவில் இடித்தார். "போச்சு போ! நீ வாயைத் திறந்ததும் அந்தம்மா உன் மேல பஸ்ஸை ஏத்திடும்."

அன்றைய பாடமும் அதற்கேற்றபடி அமைந்தது. கல்யாணப் பெண்ணை எப்படிப் புகழ்வது என்று பழங்காலத்தில் எங்கள் மதப் பண்டிதர்களில் இரண்டு கட்சிகள் சண்டை போட்டன. இருப்பதை இருக்கிறபடியே சொல் என்றது ஒன்று. எப்படி இருந்தாலும் அழகி என்று சொல் என்றது இன்னொன்று. ஜெயித்தது இரண்டாவது கட்சி.

ஸெலிக் கையைத் தூக்கினார். "டீச்சர், மீனுக்கும் இது பொருந்துமா?"

ஆசிரியை மிரியம் கொஞ்சம் யோசித்தாள். "ஒருத்தர் மனசு நோகாம இருக்கணும்னா, பொருந்தும்."

அறுபத்தெட்டு வயதில் பொய் சொல்லக் கற்றுக்கொள்வது லேசில்லை. அடுத்த புதன்கிழமை ஸெலிக் அரை மணி முன்னதாக வந்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்கு எதிரே நின்று ஒத்திகை பார்த்தார். "இனிப்புன்னா இனிப்பு, தேன் மாதிரி இனிப்பு! எங்கம்மா கைப்பக்குவம்!" ஒன்பது தடவை சொன்னார்.

இதில் உள்ள கோளாறு எனக்குத் தெரிந்தது. தென்போலந்திலிருந்து வந்த ஸெலிக்கின் வீட்டார் மீனில் சர்க்கரை போடுகிறவர்கள். ஃப்ரூமாவின் வீட்டார் லித்துவேனியாக்காரர்கள். மிளகைத் தவிர வேறொன்றும் போட மாட்டார்கள். இந்தச் சர்க்கரையால் எங்கள் ஆட்களிடையே கல்யாணங்களே நின்றிருக்கின்றன. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள், வாய் மூடிக்கொண்டது.

ஃப்ரூமா ஆளுக்கொரு உருண்டை வைத்தாள். ஸெலிக் கண்ணாடியைக் கழற்றினார். மென்றார். காது சிவந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். இரண்டாவது, மூன்றாவது கிளாஸும் காலியாயின. கண்ணாடி மூக்குக்கு வந்தபோது இரண்டு பேர் பாத்திரம் கழுவ எழுந்தார்கள்.

"இனிப்புன்னா இனிப்பு" என்றார் கரகரத்த குரலில். "தேன் மாதிரி இனிப்பு! எங்கம்மா..."

"என்னது?" ஃப்ரூமா கரண்டியோடு வந்தாள். "இனிப்பா? என் மீன்லயா?"

"சர்க்கரை... அளவா இருக்கு..."

"சர்க்கரையா! எங்க வம்சத்துலயே மீன்ல ஒரு சிட்டிகை சர்க்கரை விழுந்ததில்ல. என்னை என்ன கேக் சுடறவள்னு நினைச்சீங்களா?"

இஸ்ஸி மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கினார். மிரியம் ஓடிவந்து, "அவர் பாராட்டத்தான் செஞ்சார், மிஸஸ் ருட்னிக். போன வாரப் பாடம்..." என்றாள்.

"பாடம் கிடக்கட்டும் டீச்சர். க்ரும்ஹோல்ஸ், என் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லுங்க."

ஸெலிக் பரிதாபமாக மிரியமைப் பார்த்தார். "இப்ப எந்தக் கட்சி டீச்சர்?"

"அவங்களே உண்மையைக் கேட்டா..." மிரியம் கையை விரித்தாள்.

பெசி போனதிலிருந்து வீட்டில் குறை சொல்ல ஆளில்லாமல் இருந்த ஸெலிக்கின் வாய் திறந்துகொண்டது. "நாக்கு வெந்துபோச்சும்மா! காது வழியா புகை வருது. மூக்குல தண்ணி நிக்கல. இதுக்கு மீன்காரனைக் கூப்பிடறதா, தீயணைப்பு வண்டியைக் கூப்பிடறதா? மிளகு டப்பா மூடி கழண்டு விழுந்துடுச்சா?"

ஃப்ரூமா கரண்டியைக் கீழே வைத்தாள். இடுப்பில் கை வைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

"அப்படிச் சொல்லுங்க! எங்கப்பாவும் இதையேதான் சொல்லி ரெண்டாவது உருண்டை கேப்பாரு. இவங்கள்லாம் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு கர்ச்சீப்புல துப்பிட்டு உட்கார்ந்திருக்காங்க." இஸ்ஸி கைக்குட்டையை மெல்லப் பைக்குள் தள்ளினார். "வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வந்துடுங்க. லேட்டா வந்தா கதவு திறக்க மாட்டேன்."

"மீன்ல கொஞ்சூண்டு சர்க்கரை..."

"வரணுமா, வேணாமா?"

"வரேன், வரேன்."

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. ஸெலிக் வெள்ளிக்கிழமைதோறும் ஃப்ரூமா வீட்டில் சாப்பிடுகிறார். வாரம் ஒரு குறை சொல்கிறார். மிளகு குறையவில்லை. கல்யாணம் உண்டா என்று இஸ்ஸி கேட்டதற்கு ஃப்ரூமா இன்னொரு மீன் உருண்டையை அவர் தட்டில் வைத்தாள். புதன்கிழமை வகுப்புக்கு ஸெலிக் இப்போது ஃப்ரூமாவின் காரில்தான் வருகிறார்.