வேதாவின் முதுகில் ஒரு வெளுப்பு

தோல் வைத்தியம் என்பது ராத்திரி யாரும் எழுப்பாத, பகலில் யாரும் உட்கார விடாத தொழில். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

ஊதா மருந்து

எழுபதுகளில் கல்கத்தா காளிகாட்டில் கிளினிக் வைத்திருந்தேன். வருகிறவர்கள் தோலைக் காட்ட மாட்டார்கள். அதன்மேல் பூசியதைத்தான் காட்டுவார்கள். மஞ்சள், சுண்ணாம்பு, தெருக்கோடிக் கம்பவுண்டர் பாபு தடவிய ஊதா மருந்து. பாலிகஞ்ச் பாங்க் ஆபீசர் ஒருவர், மகள் வேதாவின் முதுகில் ஊதாவை அப்பி அழைத்து வந்தார். துடைத்துத் துடைத்து என் கை ஓய்ந்தது. அடியில் உள்ளங்கையகல வெளுப்பு. கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அவர் என் காதருகே குனிந்தார். "வெண்குஷ்டம்னு மட்டும் சொல்லிடாதேங்கோ டாக்டர், இந்தச் சம்பந்தம் போயிடும்."

கண்ணாடித் துண்டு

கரண்ட் போவதற்குள் பார்த்தாக வேண்டும். அந்த இடத்தைப் பரபரவென்று தேய்த்தேன். சிவந்த நிறப் பெண், சுற்றிலும் தோல் இன்னும் சிவந்தது. வெளுப்பு மட்டும் அசையவில்லை. கண்ணாடித் துண்டை ஓரத்தில் வைத்து அழுத்தினேன். எல்லை மறைந்து எல்லாம் ஒரே நிறமாயிற்று. வெண்குஷ்டமானால் அழுத்தினாலும் வெளுப்புத் தனியாகத் தெரியும். அப்பாடா! அங்கே ரத்தக்குழாய்கள் பிறவியிலேயே சுருங்கிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். அபூர்வம், ஆனால் வியாதியில்லை. பரவாது, ஒட்டாது, மருந்தும் வேண்டாம் என்றேன். அப்பா முகம் வெளிறிப் போயிற்று. "மருந்தே இல்லையா டாக்டர்? அவ்வளவு முத்திடுத்தா?"

சம்பந்தி பரிசோதனை

யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். லேக் கார்டன்ஸிலிருந்து பிள்ளையின் அம்மாவே வேதாவையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். வேதா சம்மதித்ததால் மறுபடி தேய்த்தேன், அழுத்தினேன். மாமிக்குப் போதவில்லை. கண்ணாடியை என் கையிலிருந்து பிடுங்கித் தானே அழுத்திப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த வேதா திரும்பினாள். "பார்த்தாச்சோல்லியோ மாமி? உங்க பிள்ளையையும் இங்கே வந்து சட்டையைக் கழட்டச் சொல்லுங்கோ. அப்புறம்தான் நான் சரின்னு சொல்வேன்."

பிள்ளை மறுநாளே அம்மாவோடு வந்தான். சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றினான். முதுகு பூரா தேமல்! பார்க்க வந்திருந்த வேதா கண்ணாடித் துண்டை எடுத்து மாமியிடம் நீட்டினாள். மாமி பதறினாள். "எல்லாம் கல்கத்தா வேர்வை டாக்டர்! எங்க பரம்பரையிலே ஒண்ணும் கிடையாது!"

தேமலுக்கு மருந்திருந்தது, கல்யாணமும் நடந்தது. பந்தியில் நான் முதல் கவளம் எடுப்பதற்குள் பக்கத்து இலைக்காரர் சட்டைக் கையை மடித்து முழங்கையை நீட்டிவிட்டார்.