மாமனாரிடம் ஜாடை பேசிய டேப்லட்

எனக்கும் என் மாமனாருக்கும் எந்தச் சண்டையும் கிடையாது. சண்டை போட வேண்டுமென்றால் முதலில் பேச வேண்டுமே! கல்யாணமான நாளிலிருந்து எல்லாமே என் மனைவி வழியாகத்தான். "அவரு சாப்ட்டாரான்னு கேளுத்தா" என்பார் அவர். "மாமாவுக்குக் காப்பி குடுத்தியா?" என்பேன் நான்.

கீழக்குயில்குடியில் தனியாக இருந்த அப்பாவை மனைவி ஆறு மாதம் கெஞ்சி, காளவாசலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தாள். அவருக்குக் காது மந்தம். அதைச் சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதனால் யாருக்கும் தெரியாமல் என் போனில் காது மிஷின் தேடினேன். இரண்டே நாள்தான்.

மூன்றாம் நாள் அவர் டேப்லட்டில் செய்தி படித்தால் காது மிஷின் விளம்பரம். ராசிபலன் பார்த்தால் காது மிஷின். பல்லைக் காட்டிச் சிரிக்கிற கிழவர் ஒருவர், 'காது கேட்கவில்லையா?' என்று வேறு கேட்டார். ஒரே வைஃபை என்பதால் நான் தேடியது அங்கேயும் போய் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அது எப்படித் தெரியும்? எங்கள் பக்கம் ஒருவரை நேரில் குத்த முடியாவிட்டால் ஆட்டையோ மாட்டையோ திட்டி ஜாடை பேசுவோம். மருமகன் டேப்லட்டை வைத்து ஜாடை பேசுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார்.

"நான் பாரமா இருந்தா மொகத்துக்கு நேரா சொல்லச் சொல்லுத்தா. நான் ஊருக்குப் போறேன்."

மனைவி அழுது மன்றாடி ஞாயிற்றுக்கிழமை வரை இருக்கச் சம்மதம் வாங்கினாள். என்னிடம் கரண்டியோடு வந்தாள். "எங்கப்பா போனா நானும் பின்னாடியே போயிருவேன், பாத்துக்கங்க!"

காது மிஷின் தேடியதை அவளிடம் ஒப்புக்கொண்டுவிட்டு, கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் சிரித்தார். "இதுக்கா அண்ணே இம்புட்டு வேர்த்து வாரீங்க?" அன்றைக்கே சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து ரவுட்டரில் மாட்டினார். "விளம்பரம் வர்ற வழியையும் வேவு பாக்குற வழியையும் இதுவே அடைச்சிரும். ஒவ்வொரு போன்லயும் தனித்தனியா எதுவும் போட வேணாம்ணே."

வீட்டுக்கே மூச்சு வந்தது. பக்கங்கள் சட்டென்று திறந்தன. பெட்டி எதையெல்லாம் மறித்தது என்ற பட்டியலைப் பார்த்தேன். யாரும் பார்க்காத நேரத்திலும் எங்கள் டிவி யாருக்கோ தகவல் அனுப்பப் பார்த்திருக்கிறது. அடப்பாவி, என் சோற்றைத் தின்றுவிட்டு என்னையே வேவு பார்த்தாயா! வீடியோவுக்கு நடுவில் வருகிற விளம்பரம் மட்டும் நிற்கவில்லை, தொலையட்டும்.

ஞாயிறு காலை. பை வாசலில் தயாராக இருந்தது. மாமனார் டேப்லட்டிலிருந்து தலையைத் தூக்கி, முதல் தடவையாக என்னைப் பார்த்தே பேசினார்.

"மாப்ள, அந்தச் சிரிக்கிற கெழவனக் காணோமே?"

ரவுட்டரில் மாட்டியிருந்த பெட்டியைக் காட்டினேன்.

"மக எல்லாம் சொன்னா. நீங்க ஜாடை பேசலையாம்ல. அந்தக் கெழவன் தெனமும் குத்திக் காட்டுனா எவனுக்கு மிஷின் வாங்கத் தோணும்? இனிமே எதுன்னாலும் நேராவே கேளுங்க."

மரியாதைக்குக் குரலைத் தாழ்த்தி, "காது மிஷின் பாக்கப் போவமா மாமா?" என்றேன்.

"என்னது?"

மறுபடி கேட்டேன்.

"என்னது?"

மூன்றாம் தடவை கத்தியே விட்டேன். மாடி வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "அதான் மாப்ள கூப்புடுறார்ல, போயிட்டு வாங்க பெரியப்பா!" என்றார்.

மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பையை எடுத்து மகள் கையில் கொடுத்தார்.

"இத உள்ள வையித்தா. நானும் மாப்ளையும் ஒரு எட்டு போயிட்டு வாரோம்."