மலைப்பக்கம் பார்த்த பன்னிரண்டு தூண்கள்

சென்னையில் எட்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் வரப்போகும் எங்கள் கம்பெனித் தொழிற்சாலைக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். இரும்புக் கட்டடம் செய்யும் தொழிற்சாலை அது. தூண், உத்தரம், கூரைத் தகடு எல்லாவற்றையும் வெட்டி, ஓட்டை போட்டு, பெயிண்ட் அடித்து லாரியில் ஏற்றிவிடுவோம். போகிற இடத்தில் போல்ட் போட்டு முடுக்கினால் கட்டடம் நின்றுவிடும். "ஓட்டையும் போல்ட்டும் ஒரு மில்லிமீட்டர் பிசகாது" என்று வாடிக்கையாளர்களிடம் வருடக்கணக்கில் அளந்துகொண்டிருந்தவன் நான்தான்.

இந்தத் தொழிற்சாலை மேல் எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் இரும்பு இல்லை, மனைவி. அவளுக்கு அதே பக்கத்தில், வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை. கல்யாணமான நாளிலிருந்து நான் சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை பஸ் ஏறுகிற புருஷன். எங்கள் தெரு நாய் இன்னும் என்னைப் பார்த்துக் குரைக்கிறது, அந்த அளவுக்குப் பழக்கம். ஒரு நாள் முதலாளி, "தூணெல்லாம் ஒழுங்கா நிறுத்திக் குடுங்க, அந்த ஃபேக்டரிக்கு நீங்கதான் மேனேஜர்" என்றார். போனில் மனைவியிடம் சொன்னேன். அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது பீரோவில் என் சட்டைகளுக்கு ஒரு தட்டு காலியாக இருந்தது.

அஸ்திவாரம் போட்ட மேஸ்திரி கீழ்பென்னாத்தூர்க்காரர். எல்லோருக்கும் அவர் பாய். அவர் பிடித்த நூல் கோணி நான் பார்த்ததில்லை. ஆனால் இங்கிலீஷ் எழுத்துப் போட்ட படத்தை நீட்டினால் நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "படம் வேணாம் சார். தமிழ்ல ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, முடிச்சிட்றேன்" என்றார்.

ஒவ்வொரு தூணுக்கும் கான்கிரீட்டில் நான்கு போல்ட் நட வேண்டும். அந்த நான்கும் சதுரமாக நிற்காது, செவ்வகமாக நிற்கும். செவ்வகத்தின் நீளவாட்டம் வடக்கு தெற்காக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. சீட்டில் நான் எழுதியது, "நீளவாட்டம் மலைப்பக்கம் பார்த்து."

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் வடக்கு தெற்கெல்லாம் பத்திரத்தில் எழுதுவதற்கு. பேச்சில் அண்ணாமலையார் மலைதான். "மலைப்பக்கம் ரெண்டடி தள்ளு" என்றால் போதும், பீரோ சரியான இடத்துக்குப் போய்விடும். நான் வளர்ந்தது செங்கம் ரோட்டில். அங்கே மலை வடக்கே இருக்கிறது. அதனால் என் மண்டைக்குள் மலை என்றால் வடக்கு, வடக்கு என்றால் மலை. கீழ்பென்னாத்தூரில் நின்று பார்த்தால் அதே மலை மேற்கே தெரியும் என்பது இத்தனை படித்த இன்ஜினியருக்கு உறைக்கவில்லை. பாய்க்கும் சந்தேகம் வரவில்லை. தலையைத் தூக்கினால் மலை தெரிகிறது, பிறகு என்ன சந்தேகம்? மொத்தம் நாற்பத்தெட்டுத் தூணில் முதல் பன்னிரண்டுக்கு அப்படியே நட்டுக் கான்கிரீட் போட்டுவிட்டார். சனிக்கிழமைகளில் நானும் போய் டேப் பிடித்தேன். இடைவெளி சரி, உயரம் சரி. திசையைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகிற அவசரம் வேறு.

முதல் தூண் நிறுத்துகிற நாள் வந்தது. ஐயர் வந்தார், கிரேன் வந்தது, சென்னையிலிருந்து முதலாளியும் வந்தார். மாலை போட்ட தூணை மெதுவாக இறக்கினார்கள். அடித்தகட்டின் ஓட்டைக்குள் போல்ட் நுழையவில்லை.

"கொஞ்சம் திருப்புங்க, உக்காந்துடும்" என்றார் பாய்.

கால் சுற்று திருப்பினார்கள். உட்கார்ந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். தூண் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

"ஏன் திருப்புனீங்க?" என்று முதலாளி கேட்டார்.

"சார்தான் மலையப் பாத்து வெக்கச் சொல்லி எழுதிக் குடுத்தாரு" என்றார் பாய்.

முதலாளி மேற்கே திரும்பி மலையைப் பார்த்துக் கை கூப்பினார். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "நாப்பத்தெட்டுத் தூணும் அண்ணாமலையாரப் பாத்து நிக்கணும்னு தோணிச்சு பாருங்க, இந்த பக்தி எனக்கு வராது" என்று தட்டில் இருந்த மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டார். "மேனேஜர் சார், சாப்பிட வாங்க."

நான் போய் இலையில் உட்கார்ந்தேன். பொங்கல் சூடாக இருந்தது, இன்னொரு கரண்டியும் வாங்கிக்கொண்டேன். மேனேஜராக இருந்து நான் சாப்பிட்டது அந்தப் பொங்கல் மட்டும்தான்.

ஸ்கேலைப் படுக்கவைத்து அழுத்தினால் வளையும், விளிம்பில் நிறுத்தி அழுத்தினால் வளையாது. தூணும் அப்படித்தான். மிச்சத்தையும் இப்படியே நிறுத்திக் கூரை போட்டால், ஒரு பெருங்காற்றுக்கு மொத்தமும் வேலை செய்கிறவர்கள் தலையில் இறங்கும். எனக்குப் பயமாக இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"சார், அது பக்தி இல்லீங்க. தப்பு."

முழுவதும் கேட்டுவிட்டு முதலாளி பாயைப் பார்த்தார். "நீங்களாவது கேட்டிருக்கலாமே?"

பாய் சட்டைப் பையைத் தொட்டார். சீட்டு அதற்குள்தான் இருந்தது. எடுக்காமல் என்னைப் பார்த்தார். எடுத்து நீட்டியிருந்தால்கூடத் தேவலை, எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

"அவரு எழுதினபடிதான் செஞ்சாரு. எழுதினது நான்" என்றேன்.

முதலாளி கத்துகிற ஆள் இல்லை. "பன்னெண்டையும் ஒடச்சு சரி பண்ணுங்க. அதுவரைக்கும் இங்கயே இருங்க, அப்புறம் சென்னைக்கு வந்துடுங்க. மேனேஜருக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

சாயங்காலம் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினால் நன்றாக இருக்கும் போல இருந்தது. அவள் திட்டவில்லை.

"சரி பண்ண எத்தன நாள் ஆவும்?"

"ஒரு தூணுக்கு அஞ்சு நாள்னு வெச்சாலும் ரெண்டு மாசம்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள்.

"பன்னெண்டோட ஏன் நிறுத்துனீங்க?" என்றாள். "நாப்பத்தெட்டையும் தப்பா வெச்சிருக்கலாம் இல்ல?"